பேரைச் சொல்லு

ஒன்பது வருஷமாக,
மூன்று வாரத்துக்கு ஒருமுறை, கேட்கிறேன்:
உன் பேர் என்ன?
தெரிந்தாலும் கேட்க வேண்டும். விதி.

அட்டையில் தர்ஷினி.
அவள் அம்மாவுக்கு ஒச்சம்மா.
எனக்கு, அன்றன்றைக்கு வாயில் வருவது:
"கலெக்டர்."
"போன தடவ சொன்னேனே, அதேதான்."
"பேரெல்லாம் இல்ல சிஸ்டர், நம்பர் மட்டும்தான்."

சிரிப்பை அடக்கித் திரும்பக் கேட்பேன்.
சுலைகா பையின் எண்ணை உரக்க வாசிப்பாள்,
நான் அட்டையின் எண்ணை.
கடைசி மூன்று இலக்கம் வரும்போது
இருவர் குரலும் தானாக மெதுவாகும்.

நரம்புகளுக்கு அவளே தெருப்பெயர் வைத்திருக்கிறாள்.
"மேலமாசியத் தொடாதீங்க,
போன மாசம் தோண்டிப் போட்டுட்டீங்க.
தெற்காவணி மூலத்துல பாருங்க,
கூட்டம் கம்மி."
வைகை எது என்று கேட்டேன் ஒருநாள்.
"அந்தப் பேரு வேணாம் சிஸ்டர்.
வச்சா வத்திரும்."

அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள்
உசிலம்பட்டி பஸ்ஸைக் காளவாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.
ஹீமோகுளோபின் ஆறு புள்ளி இரண்டு.
அதோடு நடந்து வந்திருக்கிறாள் பெரியாஸ்பத்திரிக்கு,
அம்மா தோளில் பாதி, சுவரில் பாதி.
கல்லூரிகள் லீவு, முகாம் இல்லை,
பி நெகட்டிவ் ஒரு பை கிடைக்க மணி இரண்டானது.

குளிர்ந்து கனத்த பை.
பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் இரக்கப்பட்டு
கக்கத்தில் வைத்துச் சூடாக்கப் பார்ப்பார்கள்.
கூடாது என்று வாங்கிக்கொள்வேன்.

முதல் கால் மணி நேரம் நான் நகர மாட்டேன்.
ஆறாம் கட்டிலில் அருள்ராஜன்,
வீங்கின முழங்காலோடு கத்துகிறான்,
ஐஸ் கரைஞ்சிருச்சு, ஐஸ் கரைஞ்சிருச்சு.
காதில் விழுகிறது.
நான் சொட்டை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

"அழகரு என்ன கலர் பட்டு கட்டுனாரு?"
பச்சை.
"நல்லது. செவப்பு கட்டுனா ஊருக்கு ஆகாதாம்.
எனக்கு மட்டும் அதான் ஆகுது."

பதினோராவது நிமிஷம்.
"முதுகு அரிக்குது சிஸ்டர்."

குழாயை அடைத்தேன்.
குழாயையே மாற்றினேன். சலைன்.
சுலைகா டாக்டருக்கு ஓடினாள்.
சட்டையைத் தூக்கினால் முதுகெல்லாம் தடிப்பு.
ஏவில். போர்வை. இன்னொரு போர்வை.
நடுக்கம் அவளிடமிருந்து இறங்கி
கட்டிலின் இரும்பு கிடுகிடுத்தது.
பையை எடுத்து எண்ணைப் பார்த்தேன்,
அட்டையைப் பார்த்தேன், திரும்பவும் பையை.
எல்லாம் சரி.
சரியாக இருப்பதைப் பார்த்துப் பார்த்து
எனக்கு வியர்த்தது.

அவள் அம்மா ஒன்றும் கேட்கவில்லை.
என் வெள்ளைக் கோட்டின் நுனியைப் பிடித்திருந்தாள்,
அது அவளுக்கே தெரியாது.

நாலு மணிக்குத் தடிப்பு அமுங்கியது.
பையை ரத்த வங்கிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.
முக்காலுக்கு மேல் அப்படியே இருந்தது.
"வீணாப் போச்சா?"
ஆமாம்.
"குடுத்தவங்களுக்குத் தெரியுமா?"
தெரியாது.
"சொல்லிறாதீங்க."

கழுவிய அணுக்களோடு அடுத்த பை வர
ஏழு மணி.
என் டியூட்டி இரண்டுக்கே முடிந்திருந்தது.
சுலைகா பேனாவைத் திறந்தாள்.
நான் கேட்டேன்:
உன் பேர் என்ன?

எழுந்து உட்கார்ந்தாள்.
"த. தர்ஷினி.
அப்பா பேரு தவசி.
வயசு பதினாலு.
ஊரு செல்லம்பட்டி.
பி நெகட்டிவ்."
இன்ஸ்பெக்‌ஷன் வந்த வகுப்பில்
எழுந்து நின்று சொல்வதுபோல
ஒவ்வொன்றாக.

இத்தனை வருஷம் நான் கேட்ட பதில் அதுதான்.
இருந்தும் ஒரு நொடி நின்றேன்,
கலெக்டர் வருவாள் என்று.

சுலைகா எண்ணை வாசித்தாள்.
நானும்.
தெற்காவணி மூலத்தில் முதல் சொட்டு.

ஐந்து. பத்து. பதினொன்று.
பதினொன்றில் அவளும் என்னைப் பார்த்தாள்.
பன்னிரண்டு.
பதினைந்தில் காய்ச்சல் பார்த்து, நாடி பார்த்து எழுதினேன்.
எழுதி நிமிர்ந்தபோது தூங்கியிருந்தாள்,
கை மட்டும் நேராக நீட்டி,
ஆடக்கூடாதென்று தூக்கத்திலும் தெரிந்த கை.

ஆறாம் கட்டிலுக்கு
ஐஸ் எடுத்துக்கொண்டு போனேன்.