நாற்பத்து மூன்றாம் போத்தல்

பலா கறுக்கும்.
வெட்டிய இடத்தில் பால் கசிந்து
ஜெலி முழுக்கச் சாயத்தேநீர் நிறமாகி
மூன்றாம் நாள் நுனி கரிந்து கிடக்கும்.
நாற்பத்திரண்டு போத்தல்களின் மேல்
கோடு இழுத்துவிட்டேன்.

பண்டாரவளையில் கரண்ட் போகாத இரவு இது.
காற்றை வடிக்கும் பெட்டி உறுமுகிறது.
கத்தியைச் சுடரில் காட்டி
ஆறும்வரை எண்ணுகிறேன்.
அவசரப்பட்டால் குருத்து வெந்துவிடும்.

பக்கத்தில் புஷ்பகாந்தி
வாழையை வகுக்கிறாள்:
ஒன்று நான்கு, நான்கு பதினாறு.
வாழைக்கு வெட்கமே இல்லை என்பாள்,
எங்கே வைத்தாலும் பெருகும்.
போன வருஷம்வரை மலையில் கொழுந்தெடுத்தவள்.
பதினெட்டுக் கிலோ,
ஈரத்துக்கென்று இரண்டு கழிவு.
இங்கே அவள் எடுக்கும் கொழுந்து
அரிசியில் பாதி.
"இதுல எதக் கழிப்பான்?"
முகமூடிக்குள் சிரித்ததில்
அவள் கண்ணாடி பனித்தது.

போத்தலில் எண் எழுத வேண்டும், தேதி எழுத வேண்டும்,
தாய்மரம் என்ற கட்டத்தில்
நான் எழுதுவது:
வெலிமடை வீதி, பேக்கரிக்குப் பின்னால்.
கராஜ் கட்டுவதற்காக
வெள்ளிக்கிழமை அதை வெட்டினார்கள்.
முதல்நாள் மாலை
இல்யாஸ் நானா ஏணி பிடிக்க
நான் ஒடித்த துளிர்கள்
ஐஸ்கிரீம் டப்பாவில் பஸ்ஸேறி வந்தன.

கடைசித் துளிர் இது.
புளிப்புத் தண்ணீரில் கழுவி
கறுப்புத் துணி சுற்றி
ஏழு நாள் இருட்டில் வைத்தேன்.
தம்மிக்கா மிஸ் எதுவும் கேட்கவில்லை.
செலவுக் கணக்கில் மட்டும்
பலா என்ற சொல்லுக்கு அடியில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

மண் கேட்காமல் வளர்கிறது இப்போது.
சீனியும் உப்பும் கடற்பாசிக் கூழும் போதும்.
வேர் விட்டபின் கேட்கும்.
எங்களுக்குத் தருவதாக எழுதியிருப்பது ஏழு பேர்ச்,
அதுவும் கடிதத்தில்தான்.
அதில் வீடு வைத்தால் பலாவுக்கு இடமில்லை.
பலா வைத்தால்
அதன் நிழலிலேயே படுக்கலாம்,
காய் விழாத பருவமாகப் பார்த்து.

எட்டாம் நாள் துணியை அவிழ்த்தேன்.
கூழ் தெளிந்திருந்தது.
நடுவில்
குண்டூசித் தலையளவு பச்சை.
புஷ்பகாந்தியைக் கூப்பிட வாயெடுத்து
மூச்சுப் பட்டுவிடுமென்று
விரலை மட்டும் அசைத்தேன்.

மாலையில் பேக்கரிக்குப் போனேன்.
பின்பக்கம் மரத்தூள் ஈரமாய்க் கிடந்தது,
அதன்மேல் சீமெந்து மூட்டைகள்.
இரண்டு கிம்புலா பணிஸ் கேட்டேன்.
"மரம் பொழச்சிச்சா, மகள்?"
"பச்சையா இருக்கு நானா."
வேர் இன்னும் இல்லை என்பதை
நான் சொல்லவில்லை.
அவர் மூன்றாவது பணிசையும்
பையில் போட்டு
இரண்டுக்கே காசெடுத்தார்.