இஞ்சின் ஆறும்வரை

பானெட்டில் கை வைத்தேன்.
சூடு.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன்,
சொன்னபடியே வந்தேன்.
அதற்குள் யாரோ இதை எழுப்பி
முகம் கழுவி உட்கார வைத்திருக்கிறார்கள்.

பழைய டீசல் வண்டி வாங்க வருகிறவள்
கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று:
குளிரில் கிடந்தது குளிரிலேயே எழுமா?
சூடான இஞ்சின் எதைக் கேட்டாலும்
ஆமாம் ஆமாம் என்று தலையாட்டும்.

"ஆறட்டும்" என்றேன்.
டோர்மட் மெக்ரிட்ச்சி தொப்பியைக் கழற்றி
மறுபடி போட்டுக்கொண்டார்.
"நாலு மணி நேரமாகும்."
"கப்பல் டிக்கெட் கொடுக்கிற வேலை எனக்கு,
காத்திருப்பவர்களைப் பார்த்தே பழக்கம்.
இன்றைக்கு நான் காத்திருக்கிறேன்."

லூயிஸ் தீவின் வடக்கு முனை.
மரமென்று சொல்ல மின்கம்பங்கள்தான்.
எழுபத்தெட்டாம் வருட லேண்ட் ரோவர்:
உடம்பு அலுமினியம், எலும்பு இரும்பு.
உப்புக்காற்று உடம்பை நக்கிப் பார்த்துவிட்டு
எலும்பைத்தான் தின்னும்.

தானமாய் வந்த மாடில்லையே,
பல்லைப் பிடித்தே பார்த்தேன்.
ஈரப்புல்லில் மல்லாந்து படுத்து
சட்டத்தைத் திருப்புளியால் தட்டிக்கொண்டே போனேன்.
டங். டங். டங்.
பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால்
டப்.
இன்னொரு குத்து;
திருப்புளி பிடிவரை உள்ளே போயிற்று.
துரு என் சட்டைக் கைக்குள்
டீத்தூள் மாதிரி கொட்டியது.

வெளியே வந்து நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.
இரண்டு பேருக்கும் அந்த டப் கேட்டிருந்தது.

அடுப்படியில் தேநீர்.
தங்கை ஷோனக் நேற்றே சொல்லிவிட்டாள்,
பதினாலு ஆட்டுக்கு ஒரு பீரங்கி வண்டியா,
இருக்கை சூடாகிற சின்னக் கார் ஒன்று வாங்கேன்.
சதுப்பு நிலத்திலிருந்து பீட் கட்டிகள் ஏற்றிவர என்றேன்.
போன ஆகஸ்டில் என் வேன் அச்சுவரை புதைந்ததும்
டிராக்டர் வந்து இழுத்ததை
ஊரே ஜன்னலில் நின்று பார்த்ததும்
அவளுக்கும் தெரியும்.
தெரியாதது, அந்தக் கியர் கம்பியின் நீளம்.
அதைப் பிடித்தவுடன்
என் தோள் கொஞ்சம் அகன்றது.
இதையெல்லாம் தங்கையிடம் சொல்ல முடியுமா?

இரண்டாவது கோப்பையில் கேட்டேவிட்டேன்:
"ஏமாற்றத்தான் சூடாக்கினீர்களா?"
அவர் கோபப்படவில்லை.
"கடற்கரைவரை போய்வந்தேன்.
கடைசியாக ஒரு தடவை."
போய் டயரைப் பார்த்தேன்.
பள்ளங்களில் ஈர மணல்,
ஒரு இணுக்குக் கடற்பாசி.

மூன்றரைக்குப் பானெட் கல்லாய்க் குளிர்ந்திருந்தது.
சாவியைப் பாதி திருப்பி
இருபது எண்ணினார், கேலிக்கில், உதட்டுக்குள்ளே.
முதல் தடவை, இருமல்.
இரண்டாவது, அதுகூட இல்லை.
மூன்றாவதற்கு நான் கொட்டகைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாலாவதில் வெள்ளைப்புகை,
ஒரு சிலிண்டர் முனக, இன்னொன்று அதட்ட,
பிறகு வண்டி முழுவதும்
கண்ணாடியிலிருந்து நம்பர் பலகைவரை உதறி எழுந்தது.

மணலும் உண்மை.
நாலாவது தடவையும் உண்மை.

அவர் கேட்டது நாலாயிரத்து இருநூறு பவுண்டு.
நான் சொன்னது மூவாயிரத்து நானூறு.
அவர் வானத்தைப் பார்த்தார். நான் ஓட்டையைப் பார்த்தேன்.
"திங்கட்கிழமை சொல்கிறேன்."
நாளை ஞாயிறு. இந்தப் பக்கத்தில்
ஞாயிற்றுக்கிழமை யாரும் விலை பேச மாட்டார்கள்.

தேவாலயத்தில் இசைக்கருவி கிடையாது.
முன்வரிசையில் ஒருவர் சங்கீதத்தின் அடியெடுத்துக் கொடுக்க
பின்னாலிருந்து ஒரு குரல் முனகி,
இன்னொன்று சேர்ந்து,
முன்னே பின்னே இழுத்து,
திடீரென்று சுவரெல்லாம் அதிர்ந்தது.
எனக்கு எங்கே போயிற்று நினைப்பு!
தலை குனிந்துகொண்டேன்.
கையில் இன்னும் டீசல் வாசனை.

திங்கள் காலை ஏழரைக்கு
முதலில் போன் செய்தது வெல்டருக்கு.
"எவ்வளவு பெரிய ஓட்டை?" என்றான்.
என் கட்டைவிரலைப் பார்த்தேன்.
கொஞ்சம் குறைத்துச் சொன்னேன்.