இரண்டாம் நாள் வரவும்

முதலில் கேட்டது ரத்தம் இல்லை,
கல்யாணச் சான்றிதழ்.
அசல், தூதரக முத்திரை, அரபி மொழிபெயர்ப்பு.
மணப்பாட்டுச் சாமியார் எழுதித் தந்தது போதாதாம்.
ரூவியில் டைப்பிங் கடைக்காரர்
இரண்டு விரலால் என் பெயரை அடித்து
வாசித்தும் காட்டினார்:
ஸெல்ஃபரூஸ்.
வைத்தியம் அந்தப் பெண்ணுக்குத்தான்,
செல்வரோஸ் துணைக்கு வந்தவள் என்று
அப்போதே ஒரு நினைப்பு விழுந்தது.

டோக்கன் முப்பத்தெட்டு.
சுவரெல்லாம் குழந்தைகள்,
தரையில் ஒன்றுகூட இல்லை.
பக்கத்து நாற்காலி ஓமானி அம்மா
ஃபிளாஸ்கிலிருந்து காவா ஊற்றிக் கொடுத்து
எத்தனை வருடம் என்று கையால் கேட்டாள்.
ஏழு விரல் காட்டினேன்.
நடுவில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு
நெருங்கி உட்கார்ந்தாள்.

உள்ளே டாக்டர் ஹிபாவும் அதையேதான் கேட்டார்.
எத்தனை வருடமாக முயற்சி?
"ஏழு" என்றான் பிரிட்டோ.
நான் மேசைக்கடியில் கணக்குப் போட்டேன்.
கல்யாணத்துக்கு அவன் எடுத்த லீவு முப்பத்தைந்து நாள்.
ஒன்றரை வருடம் கழித்து இருபத்தெட்டு,
அதில் பாதி அவன் அப்பாவின் ஆஸ்பத்திரி வராந்தாவில்.
கொரோனா வருடம் பூஜ்யம்.
அடுத்தது நாற்பது, குவாரண்டைன் போக இருபத்தாறு.
பிறகு ஒரு முப்பது.
விசா கிடைத்து நான் வந்த பதினோரு மாதத்தில்
மூன்று வாரம் அவன் துகுமில், ஒரு வாரம் என்னோடு.
(துகும் என்று மாமியாருக்கு வராது.
துக்கம் என்பாள். நாங்கள் திருத்துவதில்லை.)

"டாக்டர், ஏழு வருடம் இல்லை.
கூட்டினால் ஏழு மாதம்கூட வராது."

பேனா நின்றது.
பிரிட்டோ தன் ஷூவைப் பார்த்தான்.
எழுதியதை அடித்துவிட்டு
அதற்கு மேலே சின்னதாக ஏதோ எழுதினார்.
"ஆனாலும் வயது முப்பத்தாறு" என்றார்.
அது மட்டும் லீவு போடாமல் ஏறியிருந்தது.

பிறகு அவர் சொன்னதெல்லாம் நாட்கள்.
தீட்டு வந்த இரண்டாம் நாள் ஸ்கேன்.
அன்றிலிருந்து பத்து நாள், சிலருக்குப் பன்னிரண்டு,
ராத்திரி ஒன்பது மணிக்கு ஊசி.
ஒன்றுவிட்டு ஒருநாள் இங்கே வர வேண்டும்.
வயிறு உப்பும், காரணமில்லாமல் அழுகை வரும்.
"காரணம் இருந்தாலும் வரும்" என்றாள்
மலையாளத்து நர்ஸ் லிஜி, கோப்பைக் கட்டியபடி.
பலிக்குமா என்று பிரிட்டோ கேட்டான்.
"முயல்வோம். வாக்குக் கொடுக்க மாட்டேன்."
அந்த அறையில் எனக்குப் பிடித்த வாக்கியம் அதுதான்.

அவன் முறைக்கு ஃபோர்மேனிடம் பல்வலி என்று சொல்லி வந்தான்,
ஐந்நூறு கிலோமீட்டர்.
கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் கிண்ணம்.
அந்த அறையின் தாழ்ப்பாள் சரியாக விழவில்லையாம்.
வெளியே வந்தவன் என்னைப் பார்க்காமல்
எதிர்க்கடையில் இரண்டு மாதுளை ஜூஸ் வாங்கினான்.
எந்தப் பல் என்று கேட்டேன்.
அன்றுதான் சிரித்தோம்.

என் உடம்புக்கு வெள்ளிக்கிழமை தெரியாது.
வியாழன் ராத்திரி ஆரம்பித்தது.
சனிக்கிழமை லிஜி தனியாக வந்து கதவைத் திறந்தாள்.

நாற்பத்தாறு டிகிரி வெயிலில்
மருந்துக்கடையிலிருந்து வீடுவரை
ஊசிப்பெட்டியை டிபன் கேரியரில் ஐஸ் போட்டு
நெஞ்சோடு அணைத்து வந்தேன்.
டாக்ஸிக்காரர் சாப்பாடா என்று கேட்டார்.
ஆமாம் என்றேன்.
ஃபிரிட்ஜ் இரண்டு குடும்பத்துக்குப் பொது.
கீழ்த்தட்டில் பர்வீன் அக்காவின் ஷேரி மீன்,
மேல்தட்டில் நான்.
அவள் எதுவும் கேட்கவில்லை. மீனை மட்டும்
இரண்டு கவரில் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

ஒன்பது மணி.
பிரிட்டோ கேம்ப்பிலிருந்து போனில்.
நீ குத்து, நான் பத்து எண்ணுகிறேன் என்றான்.
தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி
சதையைக் கிள்ளிப் பிடித்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று,
ஆறில் படம் உறைந்தது.
வாய் திறந்தபடி அவன் முகம்,
பின்னால் யாருடையதோ காயும் சட்டை.
மீதியை ஸெல்ஃபரூஸ் எண்ணினாள்.

குத்திய ஊசியை எதில் போடுவதென்று
கேட்க மறந்திருந்தேன்.
ஊறுகாய் பாட்டில் ஒன்று
கழுவிக் காய வைத்திருந்தது.