ரிட்டன் லோடு

ஈரோடு, பார்க் ரோடு. ராத்திரி ஒன்றரை.
மாடி அறையில் நான் எழுதிய கெர்னல்
ஏழாவது முறையாகச் செத்தது.
கீழே பார்சல் ஆபீஸ் வாசலில்
பின்கதவைத் திறந்தபடி ஒரு லாரி.
மாரப்பன் கத்துகிறார்:
"நாரோயிலு மொதல்ல உள்ள போகோணும்.
திண்டுக்கல்லு அதுக்கப்பறம்.
கரூரு கடேசி, கதவோட ஒட்டி."

என் சங்கதி இது:
ஒரு பிராசஸ் இன்னொரு நிரலாக மாற வேண்டும்.
சட்டை மாற்றுகிற காரியமில்லை.
பழைய மெமரி முழுக்க வழித்தெறியப்படும்,
எண்ணி வைத்த எண், பாதியில் நின்ற கணக்கு,
எங்கிருந்து வந்தோம் என்பது உட்பட.
மிஞ்சுவது அதன் வரிசை எண்,
திறந்து கிடக்கும் ஃபைல் இரண்டு மூன்று,
அப்புறம்
கையில் கொடுத்தனுப்பும் நாலைந்து சொற்கள்.

அந்தச் சொற்கள்தான் போய்ச் சேரவில்லை.

விளையாட்டாக, காதில் விழுந்த ஊர்களையே தட்டியிருந்தேன்:
எதிரொலி கரூர் திண்டுக்கல் நாகர்கோவில்
எதிரொலி என்பது நிரலின் பெயர்.
தன் பெயர் தொடங்கி, கொடுத்ததையெல்லாம் ஒப்பிக்கும்.
வேறு வேலை தெரியாது.
அதுவே வாய் திறக்கவில்லை.

டீ ஆறி ஏடு கட்டியபோது பிடிபட்டது.
நான் எடுத்து வைத்திருந்தது
சொற்கள் குடியிருந்த முகவரிகளை.
வீட்டை இடித்துத் தள்ளிவிட்டு
கதவிலக்கத்தைப் பத்திரமாக மடித்துப்
பையில் போட்டிருக்கிறேன்.

இடிக்கும் முன்னே அள்ள வேண்டும்,
எழுத்தெழுத்தாக, கெர்னலின் சொந்தப் பக்கத்துக்கு.
அள்ளினேன்.
புது ஸ்டாக்கின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி அடுக்கினேன்.
'க'வுக்கு மூன்று பைட், 'ர'வுக்கு மூன்று,
அதன் தலைமேல் புள்ளிக்கும் தனியாக மூன்று,
ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒரு சுழியம்.
கூட்டினால் நூற்றாறு.
இந்த இயந்திரமோ நாலு நாலாக எண்ணுகிற சாதி.
இரண்டு பைட் சும்மா கிடக்கட்டும் என்று விட்டேன்.
கீழே யாரோ, பேலுக்கும் பக்கப்பலகைக்கும் நடுவில்
பழைய கோணியைத் திணித்துக்கொண்டிருந்தார்.

பிறகு பாயிண்டர்கள்.
முதலில் ஒரு வெற்று பாயிண்டர்: இத்தோடு சரி.
அது இல்லையென்றால் எதிரொலி
நாகர்கோவிலைத் தாண்டிக் கடலுக்குள்ளும் ஊர் தேடும்.
அடுத்து நாகர்கோவிலைச் சுட்டுவது.
திண்டுக்கல்லை.
கரூரை.
கடைசியாக, கதவோட ஒட்டி, அதன் பெயர்.
கண் விழித்ததும் முதலில் அதைத்தான் படிக்கும்.
வேறு பெயர் எழுதி வைத்திருந்தாலும்
அதையே தன் பெயர் என்று நம்பும்.
வரிசை தொடங்கும் இடம் இது என்று ஒரு குறிப்பு.
மொத்தம் எத்தனை? நான்கு.

எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கட்டம் பாக்கி.
திரும்பிப் போக வேண்டிய முகவரி.
எழுதித்தான் ஆக வேண்டும், ஏற்பாடு அப்படி.
ஆனால் இதை அழைத்தவர் யாருமில்லை.
அழைத்ததாகச் சொல்லத்தக்க இடத்தை
சற்று முன்புதான் என் கையால் வழித்துப்போட்டேன்.
சுழியம் என்று எழுதினேன்.
பிறர் கையெழுத்தைப் போடுவதுபோல்
விரல் ஒரு நொடி கூசியது.

மூன்று மணிக்குத் திரையில்
எதிரொலி
கரூர்
திண்டுக்கல்
நாகர்கோவில்.
நான் போட்ட சத்தத்தில் கீழே இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

டிரைவர் அர்த்தனாரி கேபின் விளக்கைப் போட்டு
டெலிவரிச் சீட்டுகளை மேலிருந்து கீழாகப் புரட்டுகிறார்.
"ரிட்டன் லோடு ஏதாச்சும் சொல்லீருக்காங்களா?"
"ஒண்ணுமில்லீங்ணா. அங்க போயித்தான் பாக்கோணும்."
"இல்லீனா காலி வண்டிதான்" என்று சீட்டைச் சட்டைப்பையில் செருகுகிறார்.
பின்கதவுக் கொண்டி விழுகிற ஓசை. கயிறு.
வண்டி வளைவில் ஹாரன் அடிக்காமலே திரும்பியது.

நான் இன்னொரு முறை தட்டினேன்,
இம்முறை ஊர் எதுவும் கொடுக்காமல்.
எதிரொலி தன் பெயரை மட்டும் சொன்னது.
முடிந்தது.