முறைத் துண்டு

வட்டக்கச்சிக் கமக்காரர் அமைப்பில்
துண்டு எழுதுகிறவள் நான்.
உள்ளங்கையளவு கடதாசி:
பதினோராம் வாய்க்கால்,
வெள்ளி இரவு எட்டுக்குப் பூட்டு.
அவ்வளவுதான்.
மரியநாயகத்தின் கைக்கு அது போனால்
துருசு இறங்கும்.
இரணைமடு நிறைந்து தளும்பினாலும்
அந்தத் துண்டுக்கு அடங்கும்.

போன சிறுபோகத்தில்
இடது மார்பில் ஒரு கட்டி.
கிளிநொச்சி ஆசுபத்திரியில் படம் எடுத்தவன்
இரண்டைக் காட்டினான்.
வெள்ளையாய் மின்னுவது இரும்பு,
இரணைப்பாலையில் ஏறியது.
அது கிடப்பதால்
எம்.ஆர்.ஐ.க்குள் என்னை விடமாட்டார்களாம்.
அது பழசு தம்பி,
மற்றதைச் சொல்லுங்கோ என்றேன்.

றிப்போட்டில் ஒரு சக அடையாளம்.
ஈஸ்திரஜன் பொசிட்டிவ்.
நல்ல செய்தி என்றார் டொக்டர்.
என் உடம்பின் சொந்தத் தண்ணிதான்
அதற்குப் பாய்கிறதாம்,
மறிக்க வழி இருக்கிறதாம்.
அந்த நல்ல செய்தியை
வீடு வரும்வரை பொத்திப் பிடித்திருந்தேன்,
திறந்து பார்க்கவில்லை.

வெட்டுகிற நாளுக்கு முதல்நாள்
அகல்விழி என்றொரு பிள்ளை வந்தாள்,
படிவமும் பனிப்பெட்டியுமாக.
எடுப்பதில் கடுகளவு
ஆராய்ச்சிக்கு வேண்டுமாம்.
எதைத் தேடுகிறாய்?
மைக்ரோ ஆர்.என்.ஏ. என்றாள்.
கூடக்குறைய இருபத்திரண்டு எழுத்து.
அது எதையும் கட்டாது.
வேறொரு கட்டளை போகிற வழியில்
அதன் வாலில் போய் ஒட்டும்.
கட்டளை வாசிக்கப்படாது.

துண்டு! என்றேன்.
அவளுக்கு விளங்கவில்லை.
பையிலிருந்த கொப்பியை விரித்துக் காட்டினேன்.
பிறகு கட்டில் விளிம்பில் இருந்து சொன்னாள்:

வாயில் கட்டாதே என்று ஒரு துண்டு உண்டு.
கட்டிக்குள் அது அருகிப்போகும்.
வாயில்கள் பெருகும், ஓமோன் பாயும்,
பாய்கிற ஓமோனே
மிச்சத் துண்டுகளையும் கிழிக்கும்.
இருபத்தொன்று என்று இலக்கமிட்டது
காவற்காரனுக்கே எழுதியது:
நீ பேசாமல் இரு.
அது மட்டும் கட்டுக்கட்டாய்க் கிடக்கும்.

எங்களுக்கும் நடந்ததுதான்.
என் கையெழுத்தில் யாரோ எழுதி
முரசுமோட்டைக்குப் போகவேண்டிய தண்ணி
மூன்று இரவு ஒரே வயலில் நின்றது.
நெல் அழுகியது.
கோரை நெஞ்சளவு.

குளிசை என்ன செய்யும்?
தமொக்சிபன் வாயிலில் போய்க் குந்தும் அக்கா,
ஓமோனுக்கு இடமிராது.
வாயிலே இல்லாமற் போனால்?
பேனை மூடியைக் கடித்தாள்.
அதற்கும் ஒரு துண்டு இருக்கிறது,
வாயிலையே எழுதவிடாது.
பிறகு கட்டி வேறு தண்ணி தேடும்.
குளிசை குந்த இடமின்றி நிற்கும்.

பூட்டாவிட்டாலும் அழிவு,
அளவு மீறிப் பூட்டினாலும் அழிவு.
ஒவ்வொரு போகக் கூட்டத்திலும்
நான் சொல்லிக் களைத்தது.

கையெழுத்து வைத்தேன்.
முடிவு எனக்கு வருமா?
வராது அக்கா. பெயர் போகாது,
நீங்கள் நாற்பத்தேழு.
என்னிடமும் வயலுக்கு இலக்கம்தான் என்றேன்.
சிரித்தாள், பெட்டியை மூட மறந்து.

இரவு எட்டுக்கு ஒரு குளிசை,
ஐந்து வருசம்.
விடியப்புறக் குளிரிலும்
பிடரி வேர்த்து ஒழுகுகிறது.
இன்று வெள்ளி.
படலையில் சைக்கிள் மணி,
தங்கச்சி, எந்த வாய்க்கால்?
குளிசை நாக்கில் கசக்க
எழுதிக்கொண்டிருக்கிறேன்.
பொறுங்கோ அண்ணை,
இலக்கத்தை இன்னொருக்கால் பார்க்கிறேன்.