ஒரு கஜம்

ஒன்பது விநாடி பாக்கி.
மூன்று புள்ளி குறைவு.
கோட்டுக்கு ஒரு கஜம்.

ஒரு கஜம் எவ்வளவு என்று
என் மனைவி கோரினைக் கேளுங்கள்.
சலைனாவில் துணிக்கடை,
பதினாறு வருஷமாய் அளந்து வெட்டுகிறாள்.
மேசை விரிப்புக்குக் காணாது.
ஜன்னல் திரைக்குக் காணாது.
குழந்தைக்குச் சட்டை தைக்கலாம்,
சின்னக் குழந்தையாக இருந்தால்.

அவ்வளவுதான் தூரம்.
எங்களிடம் டவேரியஸ் ஹோல்ட் இருந்தான்.
இருநூற்று நாற்பது பவுண்டு.
குனிந்து நுழைந்தால்
கதவு நிலையோடு பெயர்ந்து வரும்.
பயிற்சியாளர் அவனை வெளியே கூப்பிட்டார்.
சமன் செய்தால் போதுமாம்.
உதைக்கிற பையனை உள்ளே அனுப்பினார்.

பேர்தான் கால்பந்து.
கையால் வளர்த்த ஆட்டம்
காலை நம்பிக் கெட்டது.

பந்து கம்பத்தில் பட்ட சத்தம்
மேல்வரிசையில் இருந்த எனக்கே கேட்டது.
நான் பண்ணை வீடுகளுக்கு
புரொப்பேன் ஊற்றும் லாரிக்காரன்.
காலித் தொட்டியைத் தட்டினால் வருமே,
அதே சத்தம்.

ஒரு மெத்தைக் கம்பெனி
பேர் வாங்கிய கோப்பை அது.
ஜெயித்தவர்கள் தலையணைகளைக் கிழித்து
தங்கள் பயிற்சியாளர் தலையில் பஞ்சு கொட்டினார்கள்.
எங்களுக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

மோட்டலில் மச்சான் வெர்லின்
சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குறட்டை விட்டான்.
நான் சர்க்கரைப் பொட்டலங்களைப்
பதினொன்றுக்குப் பதினொன்று அடுக்கி
டவேரியஸை ஓடவிட்டேன்.
நாற்பது தடவை.
நாற்பதிலும் ஜெயித்தோம்.
ஒரு தடவை அவன் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான்,
தேடி எடுத்து
அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

காலையில் வாஃபிள் மெஷின் முன்னால்
பச்சை ஜெர்சியில் ஒரு பெண்.
முப்பத்தேழாம் எண்.
முதுகில் ஹார்ன்பெக்.
கடையில் அந்தப் பேரில் ஜெர்சி விற்பதில்லை.
உதைக்கிற பையன் பேரை
யார் காசு கொடுத்து வாங்குவார்கள்,
பெற்றவளைத் தவிர?

"இதை எந்தப் பக்கம் திருப்பணும்?"

திருப்பிக் கொடுத்தேன்.
மெஷினில் சிவப்பு எண்கள்
இரண்டு நிமிஷத்திலிருந்து இறங்கின.
ஒன்பது வந்தபோது
இரண்டு பேரும் பார்த்தோம்.
இரண்டு பேரும் பார்க்காதது போல் நின்றோம்.

"ராத்திரி முழுக்க அவன் போனை எடுக்கல" என்றாள்
மாவுக் கரண்டியிடம்.

அவள் மகனுடைய காலுக்கு
நான் ராத்திரி வைத்த பேர்களை
இங்கே எழுத முடியாது.
தப்பு பையனுடையது இல்லை, அனுப்பினவனுடையது:
இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
"சிரப் அந்தப் பக்கம் இருக்கு" என்று வந்தது.

ஓக்லஹோமா தாண்டும்போது ரேடியோ சொன்னது:
பயிற்சியாளர் வேறு கல்லூரிக்குப் போகிறாராம்.
இரண்டு மடங்கு சம்பளம்.
வெர்லின் சத்தத்தைக் குறைத்தான்.
நான் கூட்டினேன்.
அவன் குறைத்தான்.
பெட்டி கட்டி வைத்தவனுக்கு
ஒரு கஜம் எதற்கு?
அடுத்த எண்பது மைல் நாங்கள் பேசவில்லை,
மூத்திரத்துக்கு நிறுத்தச் சொன்னதைத் தவிர.

கோரின் கதையைக் கேட்டாள்.
மூன்றாவது தடவையும் கேட்டாள்.
பிறகு எழுந்துபோய்
கடையில் மிஞ்சிய பச்சைத் துண்டொன்றை
அடுக்களைத் தரையில் விரித்தாள்.
"இதுக்கா?" என்றாள்.
விளக்கை அணைக்காமல் படுக்கப் போனாள்.

சாக்ஸ் போட்ட காலோடு
அந்தத் துணியின் ஓரத்தில் நின்றேன்.
ஓர் எட்டு.
அந்தப் பக்கம் போய்விட்டேன்.

நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது.

திரும்பி வந்து
இன்னொரு தடவை கடந்தேன்.