பொத்தானின் அகலம்

சொல்லுக்கு ஆறு ரூபா.
பம்பலப்பிட்டியில், கடற்கரை றெயில் போகும்போதெல்லாம்
மேசைத் தேநீர் நடுங்குகிற நாலாம் மாடியில்
கடன் கொடுக்கும் செயலியொன்றின்
தனியுரிமைக் கொள்கையைத் தமிழாக்கினேன்.
சட்டம் வருது, மூன்று மொழியிலும் வேணும்,
வெள்ளிக்கு முதல், என்றா மனோரஞ்சி மிஸ்.
எந்த வெள்ளி என்று சொல்லவில்லை.

மூன்று கிழமை போனது.
பார்ட்னர்ஸ் என்று இருந்த இடமெல்லாம்
பங்காளிகள் என்று போட்டேன்.
உங்கள் விபரங்களைப் பங்காளிகளோடு பகிர்வோம்.
எங்கட பக்கம் பங்காளி என்றால்
வேலிச் சண்டை, கிணற்றில் பாதி, கோட்டுப் படி.
அழிக்கப் போனேன். பிறகு
இதைவிடப் பொருத்தமாய் வராது என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் பொத்தான்.
நான் எழுதியது: ஒப்புக்கொள்கிறேன்.
டிசைனர் தினுக்க தலையைச் சொறிந்தான்.
"அக்கா, தமிழ் பெட்டிக்கு வெளிய போகுது."
சம்மதிக்கிறேன், அதுவும் போனது.
இணங்குகிறேன் என்றதில்
கடைசி எழுத்து மட்டும் தெருவில் நின்றது.
எழுத்தைச் சிறிதாக்கினான். எறும்பு வரிசை.
சிங்களத்துக்கு நாலு எழுத்துப் போதுமாம்,
பெட்டி அதற்கு அளந்து செய்தது.
ஈற்றில் இரண்டு எழுத்தில் இருவரும் உடன்பட்டோம்:
சரி.

சரி சொல்லிப் பழகிய வாய்தான்.
வெள்ளவத்தையில் வாடகை அறைக்கு வந்த கிழமை
பொலிஸ் பதிவுத் தாளை அம்மா நிரப்பினா.
பெயர். சொந்த இடம். எத்தனை நாள் தங்குவீர்கள்.
வந்த காரணம் என்ற கோடு
ஒரு விரல் நீளம்.
காரணம் அதைவிடப் பெரிது,
அம்மா "படிப்பு" என்று எழுதினா.
அந்தத் தாளின் போட்டோக்கொப்பி
தலையணை உறைக்குள் கிடந்தது,
இரவில் கதவு தட்டினால் எடுக்க.
தட்டியவர்களுக்கு முகம் இருந்தது.
ஒருத்தன் என் பெயரை எழுதமுடியாமல்
மூன்று தரம் கேட்டு, கொட்டாவி விட்டான்.

இப்போது ஒருவரும் தட்டுவதில்லை.
இருப்பிடத்தை அறியலாமா, என்கிறது கைத்தொலைபேசி,
எப்போதுமா, பாவிக்கும்போது மட்டுமா.
பஸ் பிடிக்கிற அவசரத்தில்
எப்போதும் என்பதே விரலுக்குக் கிட்ட.

செயலி வெளிவந்து பத்தாம் நாள்
மிஸ் திரையைத் திருப்பிக் காட்டினா.
தமிழ்ப் பக்கம், சராசரி வாசிப்பு: மூன்று விநாடி.
நான் எழுதியது ஈராயிரத்து நூறு சொல்.
"யோசியாதேங்கோ, இங்கிலிசுக்கு இரண்டுதான்."

ஆனால் வரைபடத்தின் ஓரத்தில்
தனியே ஒரு புள்ளி.
கொட்டாஞ்சேனை. பழைய அண்ட்ராய்ட்.
பட்டரி ஒன்பது வீதம்.
மத்தியானம் இரண்டு பத்துக்குத் திறந்து
பதினேழு நிமிடம்.
ஒவ்வொரு பிரிவாய் இறங்கி, நின்று, மேலே ஏறி,
திரும்ப வந்து,
பங்காளிகளில் மட்டும் நாலு நிமிடம்.
பிறகு சரியை அழுத்தாமல் போய்விட்டார்.

என் வாசகர்.
இத்தனை வருசத்தில் ஒருவர்.
கழுத்துவரை சூடேறியது எனக்கு.
அந்த இடத்தில் சிரித்திருப்பாரா?
அவருக்கும் ஒரு வேலி, ஒரு கிணறு இருந்திருக்குமா?
கடன் எதற்கு, பிள்ளைக்கா, பல்லுக்கா,
வேறெங்காவது கிடைத்ததா?
பட்டரி முடிவதற்குள் முடித்தாரே,
அதை யாரிடம் சொல்ல?

பதினோராம் பிரிவு நான் எழுதியதுதான்:
உங்கள் பாவனையை நாம் அவதானிக்கக்கூடும்.
"நாம்" என்று எழுதியபோது
அதற்குள் நான் இருப்பதாய் நினைக்கவில்லை.

மிஸ் சாப்பிடப் போய்விட்டா.
புள்ளியின் மேல் சுட்டியை வைத்தேன்.
மேலதிக விபரங்களைக் காட்டவா?
அலுவலகத் திரைக்கும் தினுக்க
அதே பொத்தானைத்தான் போட்டிருந்தான்.
இரண்டு எழுத்து, பெட்டிக்குள்
இம்மியும் பிசகாமல்.

றெயில் போனது.
தேநீர் நடுங்கி அடங்கியது.

கொட்டாஞ்சேனையில் எந்தத் தெரு என்று
இப்போது எனக்குத் தெரியும்.